லாயத் தொழிலாளர் சங்கம்: 2025–26 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், சாயங்காலத் தீவனம் போட்டுவிட்டு நேராக இங்கே வந்திருக்கும், குதிரையைப் பராமரிக்கும் சைஸ், ரைடிங் பாய், லாடம் அடிக்கும் தோழர்களுக்கும், வீட்டிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களுக்கும் செயலாளரின் வணக்கம்.

இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்கு எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம். செயற்குழு ஒழுங்காகக் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் நிலக் குத்தகையை அரசு 2024 செப்டம்பரில் ரத்து செய்ததிலிருந்து டீக்கடையில் நம்மவர்கள் வேறு எதையும் பேசுவதில்லை. அதைப் பற்றி இந்த அறிக்கையில் ஒன்றும் எழுதவில்லை. குதிரை எந்த ஊரில் நின்றாலும் அதைத் தேய்த்துக் கழுவப்போகிறவர்கள் நாம்தான். ஆகவே நம் கையில் இருக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த ஆண்டு சங்கத்தின் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது காய்ச்சல். வெளியூர் சீசன் முடிந்து திரும்பிய குதிரை ஒன்று தீவனத்தில் வாய் வைக்கவில்லை. மூக்கில் கெட்டிச் சளி, தாடைக்கு அடியில் கட்டி. ஹரியானாவில் ஹிசாரில் உள்ள குதிரை ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்பிய ரத்தத்தில் கிளாண்டர்ஸ் என்ற கொடிய தொற்றுநோய் இல்லை என்று வந்தது, எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஆனால் மூக்கிலிருந்து எடுத்த ஸ்வாபில் ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொண்டைக் கட்டி நோயின் கிருமி இருந்தது. அதற்குள் பக்கத்து லாயத்திலும் இரண்டுக்குச் சூடு. அந்த லாய வரிசை முழுவதையும் மூடினார்கள். உள்ளே இருந்த சைஸ்கள் வாரக் கணக்கில் உள்ளேயே. மூடிய வரிசைக் குதிரைகள் ஓடாததால் பரிசுப் பணத்தில் வரும் பங்கும் இல்லை, வெளியே பகுதி நேர வேலைக்குப் போகவும் வழியில்லை.

ஸ்ட்ராங்கிள்ஸ் பெரும்பாலும் குதிரையைக் கொல்லாது. ஆனால் லேசில் விடாது. கட்டி உடைந்து, ஆறி, பளபளவென்று நிற்கிற குதிரைகூடத் தொண்டைக்கு மேலே உள்ள காற்றுப் பையில் கிருமியை மாதக் கணக்கில் வைத்திருக்கும். அதனால்தான் ஒரு வார இடைவெளியில் மூன்று ஸ்வாப் சுத்தமாக வர வேண்டும், அல்லது எண்டோஸ்கோப் விட்டு அந்தப் பையைக் கழுவிப் பரிசோதிக்க வேண்டும் என்கிறார்கள். "குதிரை நல்லாத்தானே இருக்கு, ஏன் இன்னும் அடைச்சு வைக்கிறாங்க" என்று கேட்ட தம்பிகளுக்கு இதுதான் பதில்.

சங்கம் என்ன செய்தது? உள்ளே இருந்தவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் குளிக்கத் தனி இடமும் கேட்டோம், கிடைத்தது. இழந்த வருமானத்துக்கு ஈடு கேட்டோம். ட்ரெய்னர் உரிமையாளரைக் காட்டினார், உரிமையாளர் நிர்வாகத்தைக் காட்டினார். சிலருக்குப் பாதிச் சம்பளம் வந்தது, சிலருக்கு அதுவும் இல்லை. டெஸ்ட் கட்டணம் குதிரையின் கணக்கில் ஏறுகிறது. தனிமைப்படுத்தலின் செலவு சைஸின் வீட்டு அடுப்பில் ஏறுகிறது. இதை நான் நிர்வாகத்தின் முன்பும் சொன்னேன், இங்கேயும் பதிவு செய்கிறேன்.

இது வெறும் கூலிப் பிரச்சினை இல்லை என்பதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்ததை விழிப்புணர்வுக் கூட்டத்தில் விரிவாகச் சொன்னோம். வராதவர்களுக்காகச் சுருக்கமாக மீண்டும். 2007 ஆகஸ்டில் ஜப்பானிலிருந்து வந்த பொலிகுதிரைகள் சிட்னிக்கு அருகே ஈஸ்டர்ன் கிரீக் அரசுத் தனிமை நிலையத்தில் நின்றன. சில குதிரைகளுக்குக் குதிரைக் காய்ச்சல், அதாவது இன்ஃபுளூயன்சா. குதிரை சுவர் தாண்டவில்லை. கிருமி தாண்டியது. ஆகஸ்ட் 24ஆம் தேதி சிட்னி சென்டெனியல் பார்க் லாயத்தில் வெளியே தெரிந்தது. அதுவரை அந்த நோயே இல்லாத நாடு அது. பந்தயங்கள் நின்றன, சிட்னியின் வசந்தகாலப் பந்தயங்கள் ரத்தாயின, ஆயிரக்கணக்கான லாயங்களில் நோய் புகுந்தது. டிசம்பர் வரை இழுத்தது. விசாரித்த முன்னாள் நீதிபதி இயன் காலினன், கிருமி பெரும்பாலும் ஒரு ஆளின் மேலோ உபகரணத்தின் மேலோதான் வெளியேறியிருக்க வேண்டும் என்றார். உள்ளே போய் வந்தவர்கள் குளித்து உடை மாற்றிவிட்டுத்தான் வெளியேற வேண்டும் என்பதை யாரும் ஒழுங்காகக் கண்காணிக்கவில்லை. அவர் குறை சொன்னது கவனிக்கத் தவறிய அரசுத் துறையை. குதிரை பிடித்தவன் தலையில் அதைக் கட்டவில்லை. நம் ஊரில் அப்படி நடந்தால் முதலில் யார் தலை உருளும் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தோம், பதில் தெரியும் என்பதால்.

ஆகவே நம் கோரிக்கை எளியது. புதிதாக வரும் குதிரைக்குத் தனி லாயம், தனி வாளி, தனி பிரஷ், தனி சைஸ். அந்தச் சைஸுக்கு அந்த நாட்களில் முழுச் சம்பளமும் சேர்த்து ஒரு படியும், மாற்றிக்கொள்ள இரண்டு செட் துணியும் பூட்ஸும். காசில்லாமல் அடைத்து வைத்தால் ஆள் ராத்திரி சுவரேறி வீட்டுக்குப் போவான். அவனோடு கிருமியும் போகும். வேறு எந்தப் பூட்டும் இதற்கு உதவாது.

"சர்ட்டிபிகேட் இருக்கே, அப்புறம் எதுக்குத் தனி லாயம்" என்று கேட்பவர்கள் உண்டு. சர்ட்டிபிகேட் ரத்தம் எடுத்த நாளுக்கு மட்டும்தான். காகின்ஸ் டெஸ்டை எடுத்துக்கொள்வோம். குதிரைகளின் தொற்று ரத்தசோகையைக் கண்டுபிடிக்க 1970களிலிருந்து உலகம் நம்பும் சோதனை. அது பார்ப்பது ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளை. அது உண்டாக ஒன்றரை மாதம்கூட ஆகலாம். நேற்று மாட்டு ஈ கடித்துத் தொற்றிய குதிரை இன்று சுத்தம் என்றுதான் காட்டும். அந்த நோய்க்கு மருந்தும் கிடையாது, பிழைத்த குதிரை ஆயுள் முழுக்கக் கிருமியைச் சுமக்கும். தடுப்பூசியும் முழுக் காவல் இல்லை. 2019 பிப்ரவரியில் பிரிட்டனில் இன்ஃபுளூயன்சா வந்தது தடுப்பூசி போட்ட குதிரைகளுக்குத்தான். நாடு முழுக்கப் பந்தயம் ஆறு நாள் நின்றது. மூன்றே குதிரையில் தெரிந்ததும் அடுத்த நாளே நிறுத்தினார்கள், அதனால்தான் ஆறு நாளோடு போயிற்று.

இனி கிளாண்டர்ஸ். இதைப் பற்றி நம் ஆட்களுக்குப் பயம் போதாது என்பது என் கருத்து. மனிதனுக்கும் தொற்றும், உயிரை எடுக்கும். மூக்குச் சளியைத் துடைப்பவன், புண்ணைக் கழுவுபவன் நாம்தான். நோய் உறுதியானால் 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டும். சுற்றி 2 கிலோமீட்டர் தொற்று மண்டலம் ஆகும்; 2025 வரை இது 5 கிலோமீட்டராக இருந்தது. அது கிண்டியைச் சுற்றி விழுந்தால் அக்கம்பக்கத் தெருக்களும் உள்ளே வந்துவிடும். கல்யாண ஊர்வலக் குதிரை ஒன்றுக்கு நோய் இருந்தாலும் லட்சக்கணக்கில் விலைபோன பந்தயக் குதிரையும் வண்டி ஏற முடியாது. 2018இல் டெல்லியில் இந்த நோய் தெரிந்தபோது குதிரைகள் ஊருக்குள் வரவும் வெளியே போகவும் தடை போட்டார்கள். 2008இல் நம் நாட்டில் இன்ஃபுளூயன்சா தொடங்கியதுகூடப் பந்தய மைதானத்தில் இல்லை. ஜம்முவில், வைஷ்ணோ தேவி மலைக்கு ஆள் ஏற்றும் காத்ராவில் தொடங்கி, மாநிலம் மாநிலமாகப் பரவியது.

ஊர்வலக் குதிரைக்காரர்களையும் கடற்கரைச் சவாரிக் குதிரைக்காரர்களையும் நம் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்று செயற்குழுவில் பேசினோம். எதிர்ப்பும் இருந்தது. "அவங்க வேற, நாம வேற" என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்கள் ரத்தம் கொடுக்கப் பயப்படுகிறார்கள். பாசிட்டிவ் என்று வந்தால் வீட்டின் ஒரே சம்பாத்தியம் போய்விடும், இழப்பீடு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கால்நடைத் துறையோடு சேர்ந்து கட்டணமில்லா ரத்தப் பரிசோதனை முகாம் நடத்தவும், இழப்பீட்டு மனுவை நாமே எழுதிக்கொடுக்கவும் முன்வந்தால் அவர்கள் வருவார்கள்.

சங்க நிதியில் இந்த ஆண்டு உருப்படியாக வாங்கியது தெர்மாமீட்டர்கள். காலையும் மாலையும் சூடு பார்த்து நோட்டில் எழுத வேண்டும். 101.5 ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். ஸ்ட்ராங்கிள்ஸில் காய்ச்சல் முதலில் வரும், கிருமி கொட்டத் தொடங்குவது ஓரிரு நாள் கழித்துத்தான். அந்த இடைவெளியில் குதிரையைப் பிரித்துவிட்டால் பக்கத்து லாயம் தப்பும். சிலர் நோட்டில் ஒரு வாரத்துக்கும் சேர்த்து 100, 100 என்று ஒரே கையெழுத்தில், ஒரே பேனாவில் எழுதியிருப்பதைப் பார்த்தேன். பெயர் சொல்லவில்லை. அடுத்த மாதமும் பார்ப்பேன்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. மீரட் கண்டோன்மென்டில் உள்ள ராணுவக் கால்நடை மையத்தை, குதிரை நோய்கள் இல்லாத தனிப் பகுதியாக உலக விலங்கு சுகாதார அமைப்பு 2025 ஜூலை 3ஆம் தேதி அங்கீகரித்தது. இந்தியாவில் இதுவே முதல். இங்கிருந்து குதிரை வெளிநாட்டுப் போட்டிக்குப் போவதற்கு அது வழி திறக்கிறது. அங்கே உழைப்பவர்களும் நம்மைப் போல வாளி தூக்குகிறவர்கள்தான். வேலி, ஈ ஒழிப்பு, சாண அகற்றல், யார் உள்ளே வந்தார் என்ற பதிவு என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. நம் வரிசைகளில் சாணக்குழியை மூடி வைப்பதற்கே மூன்று முறை மனு கொடுக்க வேண்டியிருந்தது.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்கள். தனிமைக் காலத்தில் முழுச் சம்பளமும் படியும் எழுத்து மூலம் உறுதி செய்யப்பட வேண்டும். வெளியூரிலிருந்து வரும் குதிரைகளுக்கு வாசலுக்கு அருகில் தனி வரிசை ஒதுக்க வேண்டும். ஊர்வல, சவாரிக் குதிரைக்காரர்களை இணை உறுப்பினர்களாகச் சேர்க்க வேண்டும். மூன்றாவதில் விவாதம் இருக்கும் என்று தெரியும், அதற்காகவே அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

சந்தா பாக்கி உள்ளவர்கள் பொருளாளரிடம் இன்றே கட்டிவிட்டால் வாக்களிக்கலாம். தெர்மாமீட்டரை உடைத்தவர்கள் உடைந்ததைக் கொண்டுவந்தால் புதிது தரப்படும்.

இங்ஙனம்,
செயலாளர்