கண்ணாடி பிடித்து நின்றவருக்கு நன்றி

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்,

அம்மாவைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று நேற்று மாலைதான் வீடு திரும்பினோம். கடந்த மாதங்களில் எங்கள் வீடு பட்ட பாட்டை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். பலர் எங்களோடு சேர்ந்தே பட்டீர்கள். ஆகவே அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. தம் தந்தையின் கல்லறை முன்னால் இன்னொரு முறை நின்றுவிட வேண்டும் என்று அம்மா படுக்கையில் இருந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார் அல்லவா, அது நடந்துவிட்டது. இந்த நெகிழ்ச்சி தணிவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்றே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, உங்களில் எவருக்கும் அறிமுகமில்லாத ஒருவருக்கு உரியது. அவர் அந்தக் கல்லறைத் தோட்டத்தின் பராமரிப்பாளர். தம் பெயரை எங்கும் குறிப்பிட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

தாத்தாவின் கல்லறைக் கல் பளிங்கினால் ஆனது. பளிங்கு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்பதால், காற்றிலுள்ள கரியமில வாயு மழைநீரில் கரைந்து உண்டாகும் மெல்லிய அமிலமே ஆண்டுக்கணக்கில் அதைச் சிறிது சிறிதாக அரித்துவிடுகிறது. பக்கத்துக் கருங்கல்லில் எழுத்துகள் வெட்டியது வெட்டியபடி இருக்க, தாத்தாவின் கல் மட்டும் எழுத்தெல்லாம் மழுங்கிப் பாசி படிந்து நின்றது. அம்மா குனிந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது அப்பாவுடையதுதானா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். உறுதியாகச் சொல்ல எங்களில் யாராலும் முடியவில்லை.

கம்பி பிரஷ் கிடைக்குமா என்று தம்பி கேட்டதைக் கேட்டுத்தான் அவர் எங்களிடம் வந்தார். கம்பியால் தேய்த்தால் மிச்சமிருக்கும் எழுத்தும் போய்விடும், பிளீச்சிங் பவுடரும் கல்லைக் கெடுத்துவிடும், தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு தம் அறையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை எடுத்து வந்து, கல்லுக்குப் பக்கவாட்டில் சற்றுத் தள்ளி நின்று, வெயிலை அதில் வாங்கி எழுத்துகளின் மேல் சாய்வாகப் பாயும்படி பிடித்தார். நேர் வெளிச்சத்தில் வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில், சாய்ந்த ஒளி பட்டதும் ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழுந்தது. தாத்தாவின் பெயர் முதலில் தெரிந்தது, அதன் கீழே ஆண்டும் தெரிந்தது. அம்மா அதை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்.

அவர் செய்த உதவி அதோடு முடிந்திருந்தாலும் நாங்கள் வாழ்நாள் முழுவதும் நினைத்திருப்போம். ஆனால் அவர் ஒரு நாற்காலியையும் கொண்டுவந்து போட்டு அம்மாவை உட்காரவைத்து, "ஐயா எப்படிப்பட்டவர், அம்மா?" என்று கேட்டார். பிள்ளைகளாகிய நாங்கள், அம்மாவின் மனம் கலங்கிவிடுமோ என்ற அச்சத்திலேயே அன்று வாயைத் திறக்காமல் நின்றிருந்தோம். அந்த ஒரு கேள்வி அம்மாவின் தயக்கத்தையெல்லாம் அவிழ்த்துவிட்டது. தாத்தா இரவு வேலை முடிந்து வரும்போது தெருமுனையிலேயே சைக்கிளை விட்டு இறங்கி, சத்தம் எழாதபடி மணியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பொத்திக்கொண்டு, வீடுவரை தள்ளிக்கொண்டே வருவாராம். எதற்காக என்று அவர் கேட்டார். "தம்பிப் பாப்பா தூங்குவான், அவன் எழுந்துவிடக் கூடாது என்றுதான்" என்றார் அம்மா.

அம்மாவுக்கு அப்படி ஒரு தம்பி இருந்ததையே நாங்கள் அதுவரை அறிந்ததில்லை. அவன் பிறந்த ஆண்டே போய்விட்டானாம். அதே தோட்டத்தில்தான் எங்கோ வைத்தார்களாம். வீட்டில் அதன்பிறகு யாரும் அவனைப் பற்றிப் பேசவில்லையாம். அம்மா சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்து போய்ப் பழைய பதிவேட்டை எடுத்து வந்து, தாள் கிழிந்துவிடாமல் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, அந்த ஆண்டுக்குரிய பக்கத்தில் வரிசை எண்ணையும் இடத்தின் எண்ணையும் கண்டுபிடித்தார். கல் எதுவும் இல்லாத, புல் மூடிய ஒரு சிறிய மேடு அது. வாயிற்கதவைப் பூட்டும் நேரம் கடந்துகொண்டிருந்தது. "அவசரமில்லை அம்மா, நீங்கள் பேசி முடியுங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் எங்களோடு நின்று கேட்டார்.

இந்த நிலையில் அம்மாவைக் கல்லறைக்கெல்லாம் அழைத்துப் போகலாமா என்று அக்கறையோடு கேட்டவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். முதியவர்கள் கடந்ததையே பேசிக்கொண்டிருப்பது மூளைத் தளர்ச்சியின் அடையாளம் என்று பலரும் எண்ணியிருந்த காலத்தில், அது வாழ்க்கையை முழுதாகத் திரும்பிப் பார்க்கும் இயல்பான மனச்செயல் என்று அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-இல் எழுதினார். நினைவு குறையும்போது அண்மைக்கால நினைவுகளே முதலில் போகும், பழையவை நீண்டகாலம் தங்கும் என்பதை பிரெஞ்சு அறிஞர் தெயோதுல் ரிபோ 1881-லேயே சுட்டிக்காட்டியிருக்கிறார். காலையில் சொன்னது மாலையில் அம்மாவுக்கு மறந்துவிடுகிறது. சைக்கிள் மணியின் மேல் இருந்த கையை அவர் மறக்கவில்லை. அழுதார்தான், ஆனால் அழுது முடித்தபின் இரவு வெகுநேரம் பேசினார்; இத்தனை மாதங்களில் நாங்கள் கேட்காத குரல் அது.

பயணத்துக்கு அனுமதி தந்து, எச்சரிக்கைகளை ஒரு தாளில் எழுதியும் கொடுத்த மருத்துவருக்கும், சக்கர நாற்காலியைக் கொடுத்து உதவிய பக்கத்து வீட்டாருக்கும், மேடு பள்ளம் பார்த்து வண்டியை மெதுவாக ஓட்டிய ஓட்டுநருக்கும், மருத்துவமனையில் முறைவைத்துக் கண்விழித்த தம்பி தங்கைகளுக்கும், தொலைபேசியில் நாள் தவறாமல் விசாரித்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. உங்கள் ஒவ்வொருவரையும் அம்மா பெயர் சொல்லியே நினைத்துக்கொள்கிறார்.

அந்தச் சிறிய மேட்டில் மாமாவுக்கு ஒரு கருங்கல் வைப்பதென்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். நிர்வாகத்தின் அனுமதிக்கு விண்ணப்பமும் எழுதியாகிவிட்டது. எங்கள் குடும்பத்தார் எந்த வரிசையில், எந்த எண்ணில் இருக்கிறார்கள் என்று ஒரு வரைபடம் போட்டு, அம்மா சொல்வதை அவர் குரலிலேயே பதிவு செய்து, இரண்டையும் உங்கள் எல்லோருக்கும் அனுப்பிவைப்பேன். தாத்தாவின் பழைய படம் உங்களில் யாரிடமாவது இருந்தால், அம்மாவைப் பார்க்க வரும்போது தயவுசெய்து கையோடு கொண்டுவாருங்கள். வந்தால் உடல்நலம் மட்டும் விசாரித்துவிட்டுப் புறப்பட்டுவிடாமல், சற்று உட்கார்ந்து, தாத்தா எப்படிப்பட்டவர் என்று அம்மாவிடம் கேளுங்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் குடும்பத்தில் ஒருத்தி