புளி போட்டு தேய்க்காதீங்க, அது அழுக்கு இல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு வீட்டுக்குறிப்புல, பழைய செம்பு சாமான் எதுவா இருந்தாலும் புளியும் கல்லுப்பும் போட்டு தேய்ச்சா பளபளன்னு ஆயிடும்னு போட்டிருந்தீங்க. நம்ம ஊர் குடம், சொம்புக்கு சரிதான், நான் மறுக்கல. ஆனா "எதுவா இருந்தாலும்"ங்கற வார்த்தைதான் எனக்கு பக்குனு இருந்துச்சு, ஏன்னா மூணு வருஷம் முன்னாடி நானே அப்படி தேய்ச்சு வாங்கிக்கட்டிக்கிட்டவ.

நான் கல்யாணம் ஆகி வந்த ஊர் ஜப்பான்ல நீகாட்டா பக்கம் ட்சுபாமே. ஆத்து வெள்ளத்துல வயல் போய், பொழப்புக்கு ஆணி செய்ய ஆரம்பிச்ச ஊர் இது, அப்புறம் பக்கத்துல யாஹிகோ மலையில செம்பு கிடைக்கவும் பாத்திரத்துக்கு வந்துட்டாங்க. 1816ல ஆரம்பிச்ச க்யோகுசென்டோ பட்டறை ஏழு தலைமுறையா இன்னும் ஓடுது. என் மாமியாரோட அப்பா, தாத்தாவும் இதே தொழில்தான், வேற பட்டறை. அவங்க கையால செஞ்ச அஞ்சு தட்டு மாமியார் வழியா எங்க வீட்டுக்கு வந்துச்சு.

ஒட்டு கிடையாது, பத்தவைப்பு கிடையாது, ஒரே செம்புத் தகடு. சுத்தியலால தட்டத் தட்ட செம்பு இறுகிப்போகும், உடனே நெருப்புல காட்டி இளக்கி மறுபடி தட்டணும், இப்படியே எத்தனையோ தடவை. விரலால தடவினா சுத்தியல் பட்ட குழியெல்லாம் மீன் செதில் மாதிரி வரிசையா தட்டுப்படும். அப்புறம் வெள்ளீயம் பூசி சுட்டு (நம்ம ஊர்ல ஈயம் பூசுவாங்களே, அது உள்பக்கத்துக்கு, இது கலருக்கு) கந்தகம் கலந்த தண்ணில முக்கி எடுப்பாங்க, அதுலதான் அந்த ஊதா கலந்த கறுப்பு வரும். தினம் காஞ்ச துணியால துடைச்சா வருஷம் போகப் போக மினுமினுப்பு ஏறும், அவ்வளவுதான் பராமரிப்பு.

எனக்கு இதெல்லாம் அப்ப எங்க தெரியும், ஐயோ பாவம் இவ்வளவு களிம்பு ஏறிக்கிடக்கேன்னு புளியை கரைச்சு தேங்காநாரால ஒரு தட்டை பத்து நிமிஷம் தேய்ச்சேன் பாருங்க, பாதி ரோஸ் கலர், பாதி கறுப்பு, திட்டுத் திட்டா தேமல் மாதிரி ஆயிடுச்சு. மாமியார் வந்து பாத்தாங்க. திட்டல, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. பட்டறையில குடுத்தா திரும்ப கலர் ஏத்தித் தருவாங்களேன்னு வீட்டுக்காரர் சொன்னாரு, மாமியாரோ, வேணாம், இவ துடைச்சு துடைச்சே கறுக்கட்டும்னு ஒரு துணியை என் கையில குடுத்துட்டு போயிட்டாங்க. இப்பதான் ஓரமா லேசா பழுப்பு ஏறியிருக்கு.

அதனால அடுத்த தடவை இந்த மாதிரி குறிப்பு போடும்போது, கலர் ஏத்தின செம்பு, வேலைப்பாடு உள்ள பழைய சாமான் இதுக்கெல்லாம் புளி, எலுமிச்சை வேணாம்னு ஒரு வரி சேத்துடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ட்சுபாமே, ஜப்பான்