கொறங்காட்டுப் புற்களுக்கு ஒரு பதிவேடு: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கம் கொறங்காடு (கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) வைத்திருப்பவர்களுக்குக் கொழுக்கட்டைப்புல்லைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு காய்ந்தாலும் வேர் தாங்கும். ஒரு மழை விழுந்தால் துளிர்த்துவிடும். இதே புல் அமெரிக்காவின் அரிசோனாவில் பிடுங்கி எறியப்படும் களை. மாட்டுத் தீவனத்துக்கென்று கொண்டுபோய் விதைத்தார்கள். அது பாலைவனத்துக்குள் பரவி, காய்ந்து தீப்பிடித்து, தீக்குப் பழகாத சகுவாரோ கள்ளிகளை எரிக்கிறது. எந்தப் புல் எங்கே சொந்தம், எங்கே வந்தேறி என்பது எழுத்தில் இருந்தால்தான் இப்படிப்பட்டதைக் கவனிக்கவே முடியும்.

உலகில் புல்லினங்கள் 11,000-க்கு மேல். நெல், கரும்பு, மூங்கில் எல்லாம் அதில் அடக்கம். இவை எந்தெந்த நாட்டில் வளர்கின்றன என்ற பட்டியலை லண்டன் கியூ தாவரவியல் பூங்கா பராமரிக்கிறது. ஆனால் அதில் 'இந்தியா' என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். குஜராத்தின் கட்ச்சா, நம் காங்கேயமா என்று தெரியாது. அந்த இடைவெளியை உள்ளூர்க்காரர்கள்தான் நிரப்ப வேண்டும். நமக்கு இது புதிதும் அல்ல. கோவை வேளாண் கல்லூரியின் ரங்காச்சாரியார் 1921-லேயே தென்னிந்தியப் புற்களுக்குக் கையேடு எழுதினார். உலர்த்திய தாவரங்களைச் சேமித்து வைக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியமும் பெயரில்தான் மெட்ராஸ், இருப்பது கோவையில்.

கொறங்காட்டுப் புற்களை ஊர்வாரியாகச் சேகரிக்க எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. புல்லை இலையை வைத்து அடையாளம் காண்பது கஷ்டம், கதிர் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கதிர் வாங்கும். தை பிறப்பதற்குள் மாடு மேய்ந்துவிடும், இல்லையென்றால் காய்ந்துவிடும். அந்தக் கொஞ்ச நாளுக்குள் வேரோடு எடுத்து, செய்தித்தாள் நடுவே அழுத்தி, தாளை மாற்றி மாற்றி உலர்த்தி, அட்டையில் தைத்து, இடம், தேதி, மண், ஊர்ப்பெயர் எல்லாம் எழுத வேண்டும். அப்புறம் கதிரைப் பிரித்து உமி உமியாக நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். (கோரையைப் புல் என்று கொண்டுவந்து தருபவர்களும் உண்டு. தண்டை விரலில் உருட்டும்போது மூன்று பட்டை தட்டினால் அது வேறு குடும்பம். ஆசையாகத் தருகிறார்கள், வாங்கி வைத்துக்கொள்கிறோம்.)

ஒரு நுண்ணோக்கி, அழுத்துபலகைகள், அட்டைகள், பூச்சி அரிக்காத இரும்பு பீரோ, வண்டி வாடகை ஆகியவற்றுக்குப் பணம் தேவை. கூடவே, எங்களுடன் வரும் மாடு மேய்ப்பவர்களுக்கு நாள்கூலி. "பெயர் சொல்வதற்குக் கூலியா?" என்று குழுவிலேயே கேட்டார்கள். புல்லை நாள்தோறும் பார்ப்பவர்கள் அவர்கள்தான். அவர்களுடைய ஒரு நாளை இலவசமாக எடுத்துக்கொள்வது நியாயம் இல்லை என்று முடிவானது. கொறங்காடுகளும் ஒவ்வொன்றாக மனையாகி வருகின்றன. கிளுவை வேலியைப் பிடுங்கிய பிறகு அங்கே என்ன புல் இருந்தது என்று யாரைக் கேட்பது?

ஐம்பது ரூபாயானாலும் சரி, ஐயாயிரமானாலும் சரி, குழுப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வரவு செலவு தை மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படும். பழைய பீரோ, பயன்படும் நுண்ணோக்கி இருந்தாலும் தரலாம். பணம் தர இயலாத கொறங்காட்டுக்காரர்கள் எங்களுக்குப் படலைத் திறந்துவிட்டால் போதும். திரும்பும்போது மறக்காமல் சாத்திவிட்டு வருவோம்.

இப்படிக்கு,
புல் பதிவேட்டுக் குழுவினர்