கட்டையனுக்கு 26 சென்ரிமீட்டர்

அன்பின் ரகு,

நலம். வீட்டிலும் எல்லோரும் நலம், மழைதான் விட்டபாடில்லை. குரல் பதிவு ஒன்றுக்கும் நான் பதில் போடுவதில்லை என்று தவத்திடம் சொல்லித் திரிகிறாயாம். அரை மணிக்கொரு தரம் கக்கூசுக்கு ஓடுகிறவன் எங்கே இருந்து கதைப்பது மச்சான்?

சிறுநீர்க் கல்லை லேசரால் உடைத்து எடுத்தது உனக்குத் தெரியும். அதில் ஒரு குறையும் இல்லை. என்னைப் படுத்தியது அதற்குப் பிறகு உள்ளே விட்டுவைத்த டீஜே ஸ்டென்ட். கல் எடுத்த இடம் வீங்கி அடைத்துவிடாமல், சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பை வரைக்கும் ஒரு மெல்லிய குழாய். 2 மில்லிமீட்டர் தடிப்புதான், நழுவாமல் இருக்க இரண்டு நுனியும் சுருண்டிருக்கும். 1978 இல் ஃபினி என்ற அமெரிக்க டொக்டர் கொண்டுவந்த வடிவம். மனுசன் தனக்கு ஒன்று போட்டுப் பார்த்திருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்பார்.

காலி வீதியில் ஓட்டோ ஒரு குழியில் இறங்கினால் போதும், அன்று மாலை சிறுநீர் சிவந்து போகும். போய்வந்த அடுத்த நிமிடமே திரும்பவும் முட்டும். போகும்போது இடுப்புக்கு மேலே முதுகில் ஒரு குத்து வேறு. மூத்திரப்பை நெரியும்போது அந்த அழுத்தம் குழாய் வழியே சிறுநீரகத்துக்கே ஏறுவதால் அந்தக் குத்தாம். வழக்கமாக அதைத் தடுக்க உள்ளே ஒரு வாசல் இருக்கிறது, கதவிடுக்கில் செருப்பை வைத்த மாதிரி குழாய் அதை மூட விடாது. கேட்டால் வார்டில் எல்லோருக்கும் ஒரே பதில்: "ஸ்டென்ட் போட்டால் அப்படித்தான் ஐயா."

அப்படித்தான், சரி. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவாக இல்லையே! ஒரு இளம் டொக்டர்தான் எக்ஸ்றேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கீழ்ச்சுருள் குழாய் வந்த பக்கத்திலேயே அடக்கமாக இருக்க வேண்டும், என்னுடையது நடுக்கோட்டைத் தாண்டி மற்றப் பக்கம் போய்க் கிடந்தது. மூத்திரப்பையின் அடியில் முக்கோணமாக ஒரு இடம், அங்கே உணர்வு கூடவாம், குழாய் அதில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. சிறுநீரகம் மூச்சுக்கும் நடைக்கும் மேலும் கீழும் அசைகிறது, குழாயும் கூடவே அசைகிறது, நீளம் மிஞ்சினால் உரசலும் மிஞ்சும். நீளம் எவ்வளவு என்று கேட்டேன். 26 என்றார். என்னை ஒருக்கால் மேலும் கீழும் பார்த்தார்.

சிரி, நன்றாகச் சிரி. மணியம் மாஸ்டர் படம் பிடிக்கும்போதெல்லாம் முன்வரிசையில் குந்தவைத்த ஐந்தடி இரண்டு அங்குலக் கட்டையனுக்கு 26 சென்ரிமீட்டர். 22 இலும் குழாய் இருக்கிறது, 24 இலும் இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும், சரியான இடத்தில் இருந்தும் துடிக்கிறவர்கள் உண்டு. எல்லாப் பழியையும் நீளத்தில் போட முடியாது. எனக்கு டாம்சுலோசின் என்ற மருந்து தந்தார்கள், பாதி குறைந்தது, எழும்பும்போது தலை சுற்றியதுதான் மிச்சம். பிறகு வீக்கம் வடிந்துவிட்டது என்று முன்னதாகவே கழற்றினார்கள். மரக்கச் செய்யும் ஜெல், வளையும் கமரா, ஒரு இழுவை. கண்ணை மூடுவதற்குள் முடிந்தது.

இவ்வளவையும் எழுதுவது பெரியண்ணைக்காக. அவருக்கும் ஸ்டென்ட் போடப்போகிறார்கள் என்று தவம் சொன்னான். நீளத்தை எதை வைத்து எடுக்கிறீர்கள் என்று முதலே கேட்கச் சொல். உயரம் ஒரு குறிப்புத்தான், சீற்றீ ஸ்கான் படத்தில் குழாய் போகும் வழியையே அளந்து பார்க்கலாம். அவர் ஆறடி, கட்டையாகப் போட்டுக் கீழ்நுனி மேலே ஏறிவிட்டால் அது வேறு பாடு. போட்டபின் நோ தாங்கவில்லை என்றால் எக்ஸ்றேயில் கீழ்ச்சுருள் எங்கே கிடக்கிறது என்று பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும், வாயை மூடிக்கொண்டு வரக்கூடாது. குளிரோடு காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் கூட்டிக்கொண்டு ஓடு.

கழற்றும் திகதியை நீயே எழுதி வை ரகு. இது பகிடி இல்லை. நோ அடங்கியதும் மறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், மாதக்கணக்கில் கிடந்தால் குழாயிலேயே கல் படிந்து இறுகிவிடும், பிறகு அதை எடுக்கத் தனி ஒபரேஷன். அண்ணை மறக்கிற ஆள் என்று உனக்குச் சொல்லவா வேண்டும், சொந்தக் கலியாணத்துக்கே பிந்தி வந்தவர்.

போட்டதும் படத்தை அனுப்பு, அந்த டொக்டரிடம் காட்டுகிறேன். உன் அடுத்த குரல் பதிவையாவது இரண்டு நிமிடத்துக்குள் முடி.

அன்புடன்,
குகன்
வெள்ளவத்தை