கடலில் மிதந்த கோயில்

அன்பு நண்பா,

கண் அறுவைக்குப் பிறகு நீயே உன் கைப்பட எழுதிய கடிதத்தைக் கண்டதும் மனம் நிறைந்தது. சென்ற வாரம் மகள் என்னை ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியில் உள்ள ஸ்ட்ரோன்ஷியன் என்னும் சிற்றூருக்கு அழைத்துச் சென்றாள். ஸ்ட்ரான்சியம் என்னும் தனிமத்துக்குப் பெயர் தந்த ஊர் அதுதான் என்று வேதியியல் ஆசிரியரான உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவ்வூர்க் கிறிஸ்தவச் சபையின் கதையைச் சொல்லவே எழுதுகிறேன்.

ஸ்காட்லாந்தின் தேசியச் சபையான பிரெஸ்பிட்டேரியன் சபையில் பேராயர் கிடையாது; போதகரும் மூப்பர்களும் கூடியே சபையை நடத்துவார்கள். அப்படிப்பட்ட சபையின் மேல், போதகரை நியமிக்கும் உரிமையை நிலக்கிழார்களுக்கு அளித்த 1712-ஆம் ஆண்டுச் சட்டம் 130 ஆண்டுகள் முள்ளாக உறுத்தி, 1843-இல் பிளவாக முடிந்தது. தாமஸ் சால்மர்ஸ் என்னும் போதகரைத் தலைவராகக் கொண்டு, 450-க்கும் மேற்பட்ட போதகர்கள் வீட்டையும் சம்பளத்தையும் துறந்து சுதந்திர சபையை அமைத்தார்கள். ஸ்ட்ரோன்ஷியன் மக்களில் பெரும்பாலோர் அவர்கள் பக்கம் நின்றார்கள். அதற்காக அவர்கள் விட்டுவந்த கோயில், பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டின் திட்டப்படி அரசுப் பணத்தில் எழும்பி இருபது ஆண்டுகூட ஆகாதது!

சுற்றுவட்டார நிலத்துக்கு உடையவரான சர் ஜேம்ஸ் ரிடல், புதுக் கோயிலுக்கு ஒரு துண்டு இடமும் தர மறுத்துவிட்டார். மழையிலும் குளிரிலும் வெட்டவெளியில் ஆராதித்த அம்மக்களுக்காக, சுமார் 1,400 பவுண்டு செலவில் கிளைடு நதிக்கரையில் இரும்பாலான மிதக்கும் கோயிலொன்று உருவாக்கப்பட்டு, 1846-இல் ஊரை ஒட்டிய சுனார்ட் கடற்கழிக்கு இழுத்துவரப்பட்டது. நிலத்துக்குத்தானே அவர் சொந்தக்காரர்!

அக்காலத்து ஸ்காட்லாந்துச் சபைகளின் ஈய வில்லை ஒன்றையும் ஓர் அருங்காட்சியகத்தில் பார்த்தேன். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. விளிம்பு மழுங்கி, எழுத்துகள் தேய்ந்திருந்தன. தகுதியுடையவர் என்று மூப்பர்கள் கண்டவர்களுக்கு மட்டுமே அதைக் கொடுப்பார்கள். அதைக் காட்டினால்தான் திருவிருந்துப் பந்தியில் இடம். எத்தனை கைகளின் வியர்வை பட்டிருந்தால் ஈயம் அப்படித் தேய்ந்திருக்கும் என்று எண்ணி, வெகுநேரம் அதன் முன் நின்றேன்.

பிறகு கடற்கழியின் கரைக்குப் போனோம். ஞாயிறுதோறும் குடும்பம் குடும்பமாகப் படகேறிப் போய், இசைக்கருவி ஏதுமின்றி, ஒருவர் அடியெடுத்துக் கொடுக்கச் சபை முழுவதும் அம்மலைநாட்டு மொழியான கேலிக்கில் வேதாகமச் சங்கீதங்களைப் பாடிய நீர்ப்பரப்பு அது. நூறு பேர் ஏறினால் கோயில் ஓர் அங்குலம் தாழுமாம். அன்று பிரசங்கிக்க வந்தவர் எவ்வளவு பேரைத் திரட்டினார் என்பதை, கரையில் நின்றபடியே நீர்மட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார்களாம்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்