அந்த வரியில் சரியான ஒரே சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கிளீவ்லாந்துப் பயணக் கட்டுரையைப் படித்தேன். தியாகராஜர் ஆராதனைக்கு வந்தவருக்கு ஒரு மதியம் ஓய்வு கிடைத்ததாம், ராக்ஃபெல்லர் பூங்காவைச் சுற்றிப் பார்த்தாராம். 1978-லிருந்து நடக்கும் விழா அது. வருகிறவர்கள் கச்சேரி முடிந்தால் நயாகராவுக்கு ஓடுவார்கள். இவராவது ஊருக்குள் கால் வைத்தாரே என்று ஆசையாகப் படித்துக்கொண்டு போனேன். அந்தப் பூங்காவில் ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனித் தோட்டம் உண்டு. அதில் சிரியத் தோட்டத்துக்கு ஒரே ஒரு வரி கொடுத்திருந்தார்: "போருக்குத் தப்பி வந்த அகதிகளுக்கு அமெரிக்க அரசு கட்டிக்கொடுத்த அழகான பூங்கா."

இந்த வரியில் 'அழகான' என்பது மட்டும்தான் சரி.

அந்தத் தோட்டம் திறக்கப்பட்டது 2011-இல். சிரியாவில் கலவரம் வெடித்ததும் அதே ஆண்டுதான். அதற்குள் அகதிகள் கடல் கடந்து வந்து, மனுக் கொடுத்து, அரசும் கல்தூண் நிறுத்திக் கொடுத்துவிட்டதா? எந்த நாட்டு அரசும் அத்தனை வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. ஒரு பஸ் பாஸுக்கு நான் நாலு மாதம் நடந்திருக்கிறேன்.

இடம்தான் நகராட்சியுடையது. தோட்டம் போடுவது அந்தந்தச் சமூகத்தார், அவர்களே வசூல் செய்து. இங்கே முப்பதுக்கு மேல் தோட்டங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் இந்த வழியில் வந்தவைதான். இந்தியத் தோட்டத்தில் காந்தி நிற்கிறாரே, அவரும் நம்மாட்களின் பணத்தில்தான் நிற்கிறார். நான் கொடுத்த ஐம்பது டாலருக்கு ரசீது இன்னும் பீரோவில் இருக்கிறது. நாளைக்கு யாராவது வந்து "இந்தியர்களுக்கு அரசு கட்டிக்கொடுத்த பூங்கா" என்று எழுதினால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

அப்புறம், சிரியர்கள் இந்த நாட்டுக்கு நேற்று வந்தவர்கள் அல்ல. 1880, 90-களிலேயே வரத் தொடங்கிவிட்டார்கள். அப்போது அது துருக்கி சுல்தானின் ஆட்சி, இன்றைய லெபனானும் அன்று சிரியாவோடு சேர்ந்த மண். வந்தவர்களில் பலர் முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு, ஊசி, நூல், லேஸ், ஜெபமாலை என்று வீடு வீடாக விற்றார்கள். ஆரம்பத்தில் குடியேற்றப் பதிவேட்டில் அவர்கள் வெறும் 'ஆசியத் துருக்கி' ஆட்கள். குடியுரிமை வேண்டுமானால் தாங்கள் வெள்ளையர் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. கோர்ட்டு கோர்ட்டாக ஏறி 1915-இல்தான் அதற்கு ஒரு முடிவு கிடைத்தது. 1924-இல் வந்த சட்டமோ ஆண்டுக்கு நூறு பேருக்கு மேல் வரக்கூடாது என்று கதவைச் சாத்தியது. இவ்வளவையும் தாண்டி நிற்பவர்களைப் பார்த்துத்தான் "அரசு கட்டிக்கொடுத்தது" என்கிறீர்கள்.

உங்களுக்குத் தெரியாததா என்ன? கவிஞர் கலீல் ஜிப்ரானை வாரா வாரம் கடைசிப் பக்கத்தில் போடுகிறீர்களே! பன்னிரண்டு வயதுப் பையனாக, தாயோடு 1895-இல் பாஸ்டனுக்கு வந்து சேர்ந்தவர் அவர். அன்று அவரையும் சிரியர் என்றுதான் சொன்னார்கள். (நீங்கள் போடுகிற வாசகங்களில் எத்தனை அவர் நிஜமாகவே சொன்னவை என்பது வேறு கதை. அதைப் பற்றி இரண்டு வருடத்துக்கு முன் நான் எழுதிய கடிதம் உங்கள் அலுவலகத்தில் எந்தத் தோட்டத்துக்கு உரமானதோ தெரியவில்லை.)

படத்துக்கு வருகிறேன். கட்டுரையோடு, 'சிரியத் தோட்டம்' என்று போட்டு ஒரு நீரூற்றின் படம் வந்திருக்கிறது. அது இத்தாலியத் தோட்டம். கவிஞர் வர்ஜிலின் மார்பளவுச் சிலை இருக்கிற அதே தோட்டம். சிரியத் தோட்டத்தில் இருப்பது, சிரியாவின் பழம்பெரும் நகரமான பால்மைராவில் இருந்த வளைவின் பாணியில் அமைந்த கல் வளைவு. இதழைப் பக்கத்து வீட்டு அம்மையாரிடம் பெருமையாகக் காட்டினேன். சிரியாவின் ஹோம்ஸ் நகரத்துக்காரர். கணவர் டாக்டர், 1970-களில் வந்த குடும்பம். படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "இது இத்தாலிக்காரர்களுடையது ஆயிற்றே! கீழே என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல? "அழகான பூங்கா என்று எழுதியிருக்கிறார்கள்" என்று சொல்லிச் சமாளித்தேன்.

2015-இல் ஐ.எஸ். தீவிரவாதிகள் பால்மைராவின் பேல் கோயிலை வெடிவைத்துத் தகர்த்தார்கள், அக்டோபரில் அங்கிருந்த அசல் வளைவையும். அந்த இடிபாடுகளையே தன் ஆயுள் முழுக்கக் காத்த காலித் அல் அஸாத் என்ற முதியவரைக் கொன்றதும் அதே ஆண்டுதான். அந்த வாரங்களில் இந்த அம்மையாரைத் தோட்டத்துக்கு நான்தான் காரில் அழைத்துப்போவேன். பள்ளிக்கூடத்தில் பால்மைராவுக்குச் சுற்றுலா கூட்டிப்போன கதை சொல்வார், கையில் கொண்டுவந்த வாதுமைப் பழத்தில் பாதி எனக்குத் தருவார். அழுது நான் பார்த்ததில்லை. வளைவுக்குக் கீழே கிடக்கும் சருகைக் காலால் ஒதுக்கிக்கொண்டே இருப்பார்.

இன்னொன்று. 1916-இல் ஷேக்ஸ்பியர் பெயரில் ஒரு தோட்டமாகத் தொடங்கியதை 'ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு தோட்டம்' என்று விரித்தவர் லியோ வைடன்தால். அவர் ஒரு பத்திரிகை ஆசிரியர். ஆசிரியர்கள் நினைத்தால் நல்லதும் செய்யலாம் என்பதற்காகச் சொன்னேன், வேறு உள்நோக்கம் இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் படக்குறிப்பை மட்டும் திருத்திப் போடுங்கள், இரண்டு வரி போதும். சிரியத் தோட்டத்தில் நானே எடுத்த படம் ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சன்மானம் வேண்டாம். வளைவுக்குப் பக்கத்தில் முதுகு காட்டி நிற்பது அடியேன்தான், வேண்டுமானால் வெட்டிவிடுங்கள். என் கடிதங்களை வெட்டிப் பழகிய கைதானே.

இப்படிக்கு,
22 ஆண்டுகளாகச் சந்தா கட்டும் கிளீவ்லாந்து வாசகன்