நாளைக்குக் கடைசி நாள் என்று கடைக்கு ஓடி வரும் அப்பா அம்மாக்களுக்கு

வணக்கம். பெரம்பூரில் சின்னதாக ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவன் எழுதுகிறேன். நான்கு கம்ப்யூட்டர், இரண்டு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், மே மாதத்தில் மட்டும் வேலை செய்யாத ஒரு ஏசி. பான் கார்டு, வில்லங்கச் சான்று, கரண்ட் பில் என்று ஓடிக்கொண்டிருக்கும் கடை, ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றிலிருந்து கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். எத்தனையோ குடும்பங்கள் தங்கள் பிள்ளையின் காலேஜை என் கடை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் முடிவு செய்திருக்கின்றன, அதுவும் கடைசி நாள் ராத்திரி, ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு. அதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்துதான் இந்தக் கடிதம்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். அப்பா என் பக்கத்தில் உட்காருவார், அம்மா ஃபைலைப் பிடித்துக்கொண்டு நிற்பார், படிக்கப்போகிற பிள்ளை கதவோரம் நிற்கும். என்ன படிக்கணும் என்று பிள்ளையைக் கேட்டால் அப்பா பதில் சொல்வார். "அவனுக்கு என்ன சார் தெரியும், நீங்களே பார்த்து நல்லதா நாலு காலேஜ் போட்டு விடுங்க."

நான் யார் ஐயா? ஒரு பக்கம் பிரிண்ட்டுக்கு ஐந்து ரூபாய் வாங்குகிறவன். உங்கள் பிள்ளைக்குக் கணக்கு வருமா, ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருமா, எதுவும் எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொன்னால் எங்கள் தொழிலில் சிலருக்குக் கோபம் வரும். ஜூன் மாதம் ஆனால் என் கடைக்கு ஏஜெண்டுகள் வருவார்கள். கையில் ஒரு காலேஜ் பேர் போட்ட டைரி, பேனா. "அண்ணே, வர்ற பசங்களுக்கு நம்ம காலேஜ் கோடு நம்பரை முதல் மூணுக்குள்ள போட்டு விடுங்க, சேர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் இவ்வளவு" என்று பேசுவார்கள். நான் வாங்கியதில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டிய அவசியம் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், யாரையும் நம்பி பாஸ்வேர்டையும் ஓடிபியையும் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பிள்ளையை நாற்காலியில் உட்கார வையுங்கள். மவுஸ் அதன் கையில் இருக்கட்டும். டைப் அடிக்கத் தெரியாவிட்டால் நான் அடிக்கிறேன், ஆனால் எதை அடிப்பது என்று சொல்ல வேண்டியது அந்தப் பிள்ளை.

சரி, பொறியியல் கவுன்சலிங் கணக்குக்கு வருவோம். கட்-ஆஃப் 200-க்கு என்பது எல்லோருக்கும் தெரியும், கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. தெரியாதது சாய்ஸ் வரிசை, அதாவது எந்தக் காலேஜ், எந்தப் பிரிவு வேண்டும் என்று நாம் போடுகிற பட்டியல், எப்படி வேலை செய்கிறது என்பது. கம்ப்யூட்டர் ரேங்க் வரிசையில் ஒவ்வொரு பிள்ளையின் பட்டியலையும் எடுத்து மேலிருந்து கீழே பார்க்கும். எங்கே முதலில் இடம் இருக்கிறதோ அங்கேயே நின்றுவிடும், அதற்குக் கீழே பார்க்காது. பையைக் கொடுத்து "முருங்கைக்காய் இருந்தா வாங்கு, இல்லாட்டி கத்திரிக்காய், அதுவும் இல்லாட்டி பூசணி" என்று கடைக்கு அனுப்புகிற மாதிரிதான். முதலிலேயே பூசணி என்று சொல்லி அனுப்பினால் பை நிறைய பூசணிதான் வரும், கடையில் முருங்கைக்காய் குவிந்து கிடந்தாலும்.

அதனால் "இது கண்டிப்பா கிடைக்கும், முதல்ல போடுங்க" என்பதைவிடப் பெரிய தப்பு இல்லை. கிடைக்காத காலேஜை மேலே போட்டால் ஒரு நஷ்டமும் கிடையாது, கம்ப்யூட்டர் அதைத் தாண்டி அடுத்ததுக்குப் போய்விடும். ஆசைப்படுகிறது மேலே, கிடைக்கக்கூடியது நடுவில், மேலே எதுவும் கிடைக்காவிட்டால் இதுவும் பரவாயில்லை என்பது அடியில். எத்தனை வேண்டுமானாலும் போடலாம், பத்தோடு நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் புரிவதே இல்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண், கட்-ஆஃப் 181. அப்பா செங்குன்றம் பக்கம் ஒரு காலேஜை முதல் சாய்ஸாகப் போடச் சொன்னார், வீட்டுக்குக் கிட்டே, தெரிந்தவர் பெண் படிக்கிறாள் என்று. அந்தப் பெண் உண்மையில் கேட்டது ஒன்பதாவதாக இருந்தது. முதல் சாய்ஸே கிடைத்துவிட்டது, அப்பா எனக்கு லட்டு கொடுத்தார். சுற்று முடிந்து எங்கெங்கே யாருக்குக் கிடைத்தது என்று பார்த்தால், அந்த ஒன்பதாவது காலேஜில் அதே பிரிவு அவளைவிடப் பின்னால் இருந்த ரேங்குக்குப் போயிருக்கிறது. கிடைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு பட்டியலில் அதற்கு மேலே இருப்பதற்குக் காத்திருக்கிற "அப்வர்ட்" கேட்கவும் வழியில்லை, முதல் சாய்ஸுக்கு மேலே என்ன இருக்கிறது கேட்க? "அண்ணா, அதை மேல போட்டிருந்தா கிடைச்சிருக்குமா?" என்று கேட்டாள். பிரிண்டரில் பேப்பர் சிக்கியிருக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அன்று அடித்தது நான்தான், வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்.

அப்புறம் கோடு நம்பர். ஒரே பேரில் இரண்டு மூன்று காலேஜ், ஒன்றில் "இன்ஸ்டிடியூட்", ஒன்றில் "காலேஜ்", ஒன்று சென்னை, இன்னொன்று வேறு மாவட்டம். பேரைப் பார்க்காமல் கோடு நம்பரைப் பாருங்கள், ஊரைப் பாருங்கள். லாக் செய்த பிறகு அழுது பிரயோஜனம் இல்லை. அலாட்மெண்ட் வந்ததும் வேலை முடிந்தது என்று திருப்பதிக்குக் கிளம்பிவிடாதீர்கள், அதை ஏற்கிறோமா, மேலே காத்திருக்கிறோமா என்று உறுதி செய்யக் கொடுப்பது ஒன்றிரண்டு நாள்தான். அந்த நாளைத் தவறவிட்டு வந்து நின்ற குடும்பங்களும் உண்டு. என்னால் தண்ணீர் பாட்டில்தான் கொடுக்க முடிந்தது.

சர்டிபிகேட் விஷயம் சுருக்கமாக. சாதிச் சான்று, வருமானச் சான்று, ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சான்று எல்லாம் இ-சேவையில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று நகர்ந்து வர நாளாகும், ரிசல்ட்டுக்கு முன்பே போட்டுவிடுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி வரை யாரும் பட்டதாரி இல்லை என்றால்தான் ஃபர்ஸ்ட் கிராஜுவேட், அண்ணனோ அக்காவோ பட்டதாரி என்றாலும், அந்தக் கட்டணச் சலுகையில் படித்துக்கொண்டிருந்தாலும் தம்பிக்குக் கிடையாது. முக்கியமானது, அந்தச் சலுகை கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான். கவுன்சலிங்குக்கு முன்பே மேனேஜ்மெண்ட் கோட்டாவில் பணம் கட்டிவிட்டு வந்து "சலுகை போட்டுக் கொடுங்க" என்று கேட்கிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் அரசே கட்டும். இதே பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். இது தெரியாமல் வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லோரும் பொறியியல்தான் படிக்க வேண்டுமா என்ன? அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க 50 ரூபாய். கடற்கரை எதிரே 1840-இல் தொடங்கிய மாநிலக் கல்லூரி நிற்கிறது, கொஞ்ச தூரத்தில் 1914-இல் தொடங்கிய ராணி மேரி பெண்கள் கல்லூரி. அதைத் தாண்டி பஸ்ஸில் போய்த்தான் ஏதோ ஒரு புறநகர் காலேஜில் லட்ச ரூபாய் கட்டி பி.காம். சேர்க்கிறார்கள். கலைக் கல்லூரி சேர்க்கை பெரும்பாலும் பொறியியல் கவுன்சலிங்குக்கு முன்பே நடந்துவிடும் என்பதால், பொறியியல்தான் என்று முடிவெடுத்த வீட்டிலும் இதை ஒன்று போட்டு வையுங்கள். ஆகஸ்டில் மனசு மாறினால் அப்போது பி.காம். காலியாக இருப்பது சந்தேகம். நகரத்துக்குள் இருக்கும் அரசு உதவிபெறும் கல்லூரிகளில் காலை ஷிஃப்ட்டா, மதிய ஷிஃப்ட்டா என்று கேளுங்கள், பெரும்பாலும் மதிய ஷிஃப்ட் சுயநிதி, கட்டணம் வேறு. ஆனால் காலையில் வேலைக்குப் போய்விட்டு மதியம் படிக்கிற பையன்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்கு அது வரம்தான்.

காலேஜை எப்படிப் பார்ப்பது? பேனரைப் பார்க்காதீர்கள். "நூறு சதவீதம் பிளேஸ்மெண்ட்" என்று எழுதாத காலேஜ் ஜி.என்.டி. ரோட்டிலும் இல்லை, ஓ.எம்.ஆரிலும் இல்லை. நூறு என்றால் எத்தனை பேரில் நூறு, என்ன சம்பளம், என்ன வேலை என்று கேளுங்கள், முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர் வாரியாக வெளியிடுகிறது, அதைப் பிரிண்ட் எடுத்துத் தருகிறேன், இருபது ரூபாய்கூட ஆகாது. என்.பி.ஏ. என்கிற தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் காலேஜுக்கு மொத்தமாகக் கிடையாது, பிரிவுக்குப் பிரிவு தனி. மெக்கானிக்கலுக்கு வாங்கியதைக் காட்டி ஏ.ஐ. பிரிவில் சேர்த்துவிடுவார்கள்.

ஏ.ஐ. என்றதும் ஞாபகம் வருகிறது. இப்போது வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ்தான் கேட்கிறார்கள். ஏன் என்று கேட்டால் பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னான் என்கிறார்கள். எங்கள் காலத்தில் பக்கத்து வீட்டு அண்ணன் இ.இ.இ., அதாவது எலெக்ட்ரிகல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ், என்றார். 2003-இல் கிண்டி வளாகத்துக்கு நேரில் போய், பந்தலில் காத்திருந்து, பெரிய திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் காலியாவதைப் பார்த்துக்கொண்டே பயத்தில் நானும் இ.இ.இ. எடுத்தேன். எனக்குப் பிடித்தது கணக்கு மட்டும்தான். பதினோரு அரியர், ஆறு வருடம். அந்த டிகிரியை வைத்து இன்று நான் செய்வது கடை ஃபியூஸை நானே மாற்றிக்கொள்வதுதான்.

ஒரு சாதாரண வேலைநாளில் காலையில் கிளம்பி காலேஜை நேரில் பாருங்கள், பஸ்ஸில் போங்கள். பெரம்பூரிலிருந்து கேளம்பாக்கத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ தினமும் போய்வர எவ்வளவு நேரம் என்று அன்றைக்கு முதுகு சொல்லும். காலேஜ் பஸ் ஆறு மணிக்கே வந்துவிடும், பிள்ளை ஐந்துக்கு எழ வேண்டும், திரும்பும்போது தூங்கி வழியும், படிக்கிறது எப்போது? அந்த பஸ் கட்டணமே வருடத்துக்குப் பல ஆயிரங்கள். அரசுக் குழு நிர்ணயிப்பது படிப்புக் கட்டணத்தைத்தான், அதற்குமேல் பஸ், ட்ரெயினிங், யூனிஃபார்ம் என்று வருகிற பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாமல் கேட்கிற பணத்துக்குப் பேர் எதுவாக இருந்தாலும் அது நன்கொடைதான், அதைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1992-லிருந்தே இருக்கிறது. ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி பீரோவில் பூட்டி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, சொல்லியிருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள், தரமாட்டேன் என்றால் கைப்பட எழுதி வாங்குங்கள். கல்விக் கடன் எடுக்கிறவர்கள், படிக்கும் வருடங்களிலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும் என்பதை மேனேஜரிடம் கேட்டுப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

இனிமேல் பிள்ளைகளுக்கு. தம்பி, பாப்பா, சேர்ந்தாச்சு இல்லையா. தமிழ் வழியில் படித்து வந்திருந்தால் முதல் ஒரு மாதம் வகுப்பில் ஒன்றும் புரியாது. எனக்கும் புரியவில்லை, மற்றவர்களுக்கெல்லாம் புரிகிறது என்று நினைத்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்தேன், நான்காவது செமஸ்டரில்தான் தெரிந்தது, பாதிப் பேருக்குப் புரியவில்லை என்று. முதல் செமஸ்டரில் ஒரு அரியர் விழுந்தால் உலகம் முடிந்துவிடாது, வீட்டில் மறைப்பதில்தான் வினை. எனக்கு ஒன்று பதினொன்று ஆனது அப்படித்தான். அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் என்பதை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ராகிங் நடந்தால் பொறுத்துப் போக வேண்டாம், 1997-லிருந்து தமிழ்நாட்டில் அது சட்டப்படி குற்றம், 1800-180-5522 என்கிற இலவச எண்ணும் இருக்கிறது.

நம்ம ஊர்ப் பையன்களுக்குத் தனியாக ஒன்று. பஸ்ஸிலும் ரயிலிலும் ரூட்டு தல என்று ஒருவன் வருவான், அந்த ரூட்டில் போகிற காலேஜ் பையன்களுக்கெல்லாம் தலைவன் மாதிரி, கானா பாடுவான், ஜாலியாகத்தான் இருக்கும். படிக்கட்டில் தொங்குகிற வரைக்கும் சரி என்று நினைப்பாய், அதுவே சரியில்லை. அடுத்து வேறு காலேஜ்காரனோடு சண்டை, அடுத்து போலீஸ் ஸ்டேஷன். எஃப்.ஐ.ஆரில் பேர் வந்துவிட்டு பாஸ்போர்ட்டுக்கும் போலீஸ் வேலைக்கும் விண்ணப்பிக்க என் கடைக்கு வருகிறவர்களை எனக்குத் தெரியும். "வழக்கு நிலுவையில் உள்ளதா" என்கிற கட்டத்துக்கு வந்ததும் என்னைப் பார்ப்பார்கள். அன்றைக்கு அந்த ரூட்டு தல கூட வந்து நிற்பதில்லை.

ப்ளஸ் டூவில் ஒரு பாடம் போனவர்களுக்கும் சொல்ல வேண்டும். துணைத்தேர்வு எழுதி அதே வருடம் துணைக் கவுன்சலிங்கில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பாலிடெக்னிக் முடித்து நேராக பி.இ. இரண்டாம் வருடத்தில் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள், லேபில் அவர்கள் கை மற்றவர்களைவிட நன்றாகவே ஓடும். ஒரு வருடம் என்று வீட்டில் அழ வேண்டாம், பிள்ளை காதில் விழும்படி நிச்சயமாக வேண்டாம்.

கடை காலை ஒன்பதுக்குத் திறக்கும். சாய்ஸ் ஃபில்லிங்குக்கு வருகிறவர்கள் முதல் நாளே வாருங்கள், கடைசி நாள் சர்வரும் மெதுவாகும், என் பொறுமையும் குறையும். பட்டியலை வீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஓடிபி வருகிற போனை மறக்காமல் சார்ஜ் போட்டு எடுத்து வாருங்கள். போன வருடம் அந்த போன் அப்பாவோடு திருவொற்றியூருக்கு டியூட்டிக்குப் போய்விட்டது, அவர் ஷிஃப்ட் முடிந்து வருகிறவரை ராத்திரி பதினொன்றரை வரைக்கும் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம்.